மலிவுக் கருவி எங்கே போதும், தரமானது எங்கே கட்டாயம்?

புதுப்பெட்டி

வணக்கம். வீட்டுப் பராமரிப்பு, இருசக்கர வண்டி சர்வீஸ், விடுமுறை நாளில் கொஞ்சம் மரவேலை. இந்த மூன்றுக்கும் சேர்த்து ஒரு கருவிப்பெட்டி சேர்க்கிறேன். எல்லாவற்றையும் முதல்தரத்தில் வாங்கும் அளவுக்குப் பணம் இல்லை.

விசாரித்தால் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். "ஒரு தடவைதான் வாங்கப் போகிறாய், நல்லதாக வாங்கு" என்பது ஒன்று. "முதலில் மலிவாக வாங்கு, எது தேய்ந்து உடைகிறதோ அதை மட்டும் நல்லதாக மாற்று" என்பது இன்னொன்று. எந்தக் கருவிக்கு எந்த வழி என்பதைத்தான் யாரும் பிரித்துச் சொல்வதில்லை.

மனதில் இருப்பவை: ஸ்க்ரூடிரைவர், ஸ்பேனர், பாக்ஸ் ஸ்பேனர் செட், கட்டிங் பிளேயர், மல்டிமீட்டர், அளவு டேப், ரசமட்டம், உளி, கைரம்பம், டிரில் மெஷின். 108 பீஸ், 200 பீஸ் என்று ஒரே பெட்டியில் வரும் செட் வாங்கலாமா? பெயரைப் பார்க்காமல், கையில் எடுத்துப் பார்த்தே தரத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

மரைச்சுற்று

முதலில் மலிவு, தேய்ந்தால் நல்லது. இது நல்ல வழிதான். ஆனா கருவி தோற்றுப்போகும்போது அடி எங்கே விழும்னு பார்த்துட்டுத்தான் அந்த வழியில் போகணும். பட்டி பிளேடு வளைஞ்சா நஷ்டம் அந்த பிளேடோட முடிஞ்சது. ஸ்க்ரூடிரைவர் முனை மழுங்கினா ஸ்க்ரூ தலையும் சேர்ந்து போகும், அதை எடுக்க அரைநாள். தூக்கி நிறுத்தின வண்டிக்கு அடியில் வைக்கிற ஸ்டாண்ட் நழுவினா உயிரே போகும். முதல் வகைக்கு மலிவு தாராளமா போதும். இரண்டாவது வகைக்கு நடுத்தரத்துக்குக் கீழே இறங்காதீங்க. மூன்றாவதில் பேரமே வேண்டாம்.

உங்க பட்டியலில் முதல் காசு போக வேண்டியது ஸ்க்ரூடிரைவருக்கு. சின்ன விஷயம்னு எல்லாரும் இங்கேதான் மிச்சம் பிடிப்பாங்க. வீட்டிலும் வண்டியிலும் வரும் பிளஸ் தலை ஸ்க்ரூ பெரும்பாலும் பிஎச்2 (பிலிப்ஸ் 2ஆம் நம்பர்) அளவு. அதோட பிஎச்1, பிஎச்3 இருந்தா போதும். மலிவில் எஃகு மென்மையா இருக்கும், முனையோட வடிவமும் துல்லியமா இருக்காது. குழிக்குள்ளே முழுசா இறங்காம விளிம்பை மட்டும் பிடிக்கும், அழுத்தினதும் மேலே ஏறி வழுக்கும். புது ஸ்க்ரூவை முனையில் செருகி ஸ்க்ரூடிரைவரைப் படுக்கைவாட்டில் பிடிங்க. காந்தம் இல்லாமலே ஸ்க்ரூ விழாம நின்னா பொருத்தம் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஜப்பானிய வண்டி எஞ்சின்ல இருக்கிற பிளஸ் ஸ்க்ரூ ஜேஐஎஸ், அதாவது ஜப்பானியத் தர வகையா இருக்கலாம்; தலையில் ஒரு சின்னப் புள்ளி பதிச்சிருந்தா பெரும்பாலும் அதுதான். பிலிப்ஸ் முனை அதில் அடி வரைக்கும் உட்காராது, சீக்கிரம் வழுக்கும். ஜேஐஎஸ் முனை பிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் வேலை செய்யும். அதனால வண்டிக்குன்னு தனியா ஒரு 2ஆம் நம்பர் ஜேஐஎஸ் வாங்கி வெச்சுக்குங்க.

ஸ்பேனர்ல ரிங் பக்கம்தான் முக்கியம். திறந்த வாய் ஸ்பேனர் போல்ட்டோட இரண்டு முகத்தை மட்டும் பிடிக்குது. மலிவானதா இருந்தா பலமா இழுக்கும்போது வாய் விரியும், போல்ட் மூலை உருண்டை ஆகும். கெட்டியான போல்ட்டை ரிங்கால அசைச்சுட்டு, மீதியைத் திறந்த வாயால சுத்துங்க. அப்படிப் பழகினா, ஒரு முனை ரிங், மறுமுனை திறந்த வாய் இருக்கிற காம்பினேஷன் செட் நடுத்தரமே வருஷக்கணக்கா உழைக்கும்.

பாக்ஸ் செட்ல மேல் எண்ணிக்கையைப் பார்க்காதீங்க. 108 பீஸைத் திறந்தா பாதிக்கு மேல் பிட்டும் ஆலன் கீயும்தான் இருக்கும். வண்டி வேலைக்கு 8, 10, 12, 14, 17, 19 மி.மீ. பாக்ஸ், 3/8 அங்குல ராட்செட் ஒண்ணு, எக்ஸ்டென்ஷன் இரண்டு. சில வண்டிக்கு 13உம் வேணும். ஆறு முனை பாக்ஸ் எடுங்க. பன்னிரண்டு முனை பாக்ஸ் போல்ட்டோட மூலைக்குப் பக்கத்தில் அழுத்தும். தலை ஏற்கெனவே கொஞ்சம் தேய்ஞ்சிருந்தா வழுக்கிடும். ராட்செட்டை மெதுவா பின்னுக்குச் சுத்திப் பாருங்க: பல் சின்னச்சின்னதா, இறுக்கமில்லாம 'டிக் டிக்'னு போகணும். பின்னுக்குச் சுத்தவே விசை வேணும்னா, லூசான நட்டில் அது நட்டையும் சேர்த்துத் திருப்பி மறுபடி இறுக்கிக்கிட்டே இருக்கும். மின்சார இம்பாக்ட் ரெஞ்சில் பளபள குரோம் பாக்ஸைப் போடவே கூடாது, வெடிச்சுத் தெறிக்கலாம். அதுக்குக் கறுப்பு இம்பாக்ட் பாக்ஸ்தான்.

மரை வெட்டுற டேப் மலிவில் வாங்கவே வாங்காதீங்க. உடைஞ்சா துண்டு ஓட்டைக்குள்ளே மாட்டிக்கும். அது கெட்டிப்படுத்தின எஃகு, சாதா டிரில் பிட் இறங்காது. எஞ்சின் பாகத்தில் நடந்தா அந்தப் பாகமே போச்சு. முழு செட் எதுக்கு? எம்6, எம்8 (6, 8 மி.மீ. மரை) இரண்டு மட்டும் எச்எஸ்எஸ் (ஹைஸ்பீட் ஸ்டீல்) டேப்பா வாங்குங்க. எம்6க்கு 5 மி.மீ. துளை, எம்8க்கு 6.8 மி.மீ. துளை. எண்ணெய் விட்டு அரைச்சுத்து முன்னே, கால்சுத்து பின்னே. முறிஞ்ச போல்ட் எடுக்கிற எக்ஸ்ட்ராக்டருக்கும் இதே கணக்குதான்.

போல்ட்டைக் குறிச்ச அளவு விசையில் இறுக்க உதவுற டார்க் ரெஞ்ச் பற்றி நீங்க கேட்கலை, ஆனா வண்டி வேலைன்னா அது வேணும். பெரும்பாலும் தப்பான அளவைத்தான் வாங்குவாங்க. 1/2 அங்குல 40–200 நியூட்டன் மீட்டர் ரெஞ்ச் கார் சக்கரத்துக்கு. சாதாரண 8.8 தர எம்6 போல்ட்டுக்கு ஏறத்தாழ 10, எம்8க்கு 25; அலுமினிய மரையில் அதை விடக் குறையலாம், வண்டியோட கையேடு சொல்றதுதான் கணக்கு. 5–25 ரேஞ்சில் சின்னது எடுங்க. காசு குறைவுன்னா கம்பி வளைஞ்சு அளவு காட்டுற பழைய வகையை வாங்கலாம். உள்ளே சுருள்வில் இல்லை, முள் பூஜ்யத்தில் நிக்குதான்னு பார்த்தா போதும். அளவு வந்ததும் 'கிளிக்'னு சத்தம் தர்ற வகையை வேலை முடிஞ்சதும் அதோட குறைந்தபட்ச அளவுக்கு இறக்கி வைக்கணும். போல்ட் கழற்ற அதைப் பயன்படுத்தக் கூடாது.

இழைப்புளி

மரைச்சுற்று சொன்ன பாகுபாடு உலோக வேலைக்குச் சரி. மரவேலையில் இன்னொன்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்: உங்கள் உழைப்பு. மலிவு உளிக்கும் விலை உயர்ந்த உளிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி, தொழிற்சாலையில் தீட்டி முடித்த வேலைதான். அதை வீட்டில் நீங்களே செய்துகொள்ளலாம், எஃகு சரியாக இருந்தால்.

ஆகவே 6, 12, 18, 25 மி.மீ. என நான்கு நடுத்தர உளி வாங்குங்கள், மிச்சப்படும் பணத்தைச் சாணைக்கல்லில் போடுங்கள். 1000, 6000 என்ற நுண்மை எண்ணில் இரண்டு கல், அந்தக் கற்களைச் சமன்செய்ய ஒரு கரடுமுரடான வைரத் தகடு. உளியின் முதுகில் முனையிலிருந்து இரண்டு மூன்று செ.மீ. தூரத்தைக் கண்ணாடிபோலச் சமப்படுத்துங்கள். மலிவு உளியில் முதல்முறை இதற்குத்தான் நேரம் பிடிக்கும். சாய்வு 25 பாகை, கூர்முனையில் மட்டும் 30 பாகை. கல் இல்லாமல் விலை உயர்ந்த உளி வாங்கியவர் கையில் ஒரு மாதத்தில் மொட்டை உளிதான் இருக்கும்.

எஃகு சரியா என்பதைத் தீட்டிய பிறகுதான் அறிய முடியும். கடினமான மரத்தில் குறுக்காகச் சிறிது வெட்டியதும் கூர் மடங்கினால் எஃகு மென்மை. பொடிப்பொடியாக உதிர்ந்தால் அளவுக்கு மீறிக் கெட்டியாகிவிட்டது. உதிர்வது மட்டும் என்றால் உடனே தூக்கிப் போடாதீர்கள். முனையில் சிறிது நீளத்தைத் தேய்த்துவிட்டால் பல உளிகள் சரியாகிவிடும். மின்சாணையில் பிடிக்கும்போது நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள்.

இழைப்புளியில் இந்தத் தர்க்கம் செல்லாது. அடிப்பலகை முறுக்கியிருந்தாலோ, அலகு உட்காரும் இடம் சரியாகச் செதுக்கப்படாமல் அலகு அதிர்ந்தாலோ வீட்டில் சரிசெய்ய நாள்கணக்காகும், சில சமயம் முடியவே முடியாது. புதிய மலிவு இழைப்புளியை விட நல்ல நிலையில் உள்ள பழைய இழைப்புளி மேல். துரு பயப்பட வேண்டிய விஷயமில்லை. வார்ப்பில் விரிசல், வாய்ப்பகுதியில் உடைவு, இவைதான் வேண்டாம் என்று வைக்க வேண்டிய காரணங்கள்.

கைரம்பத்துக்கு எதிர்மாறு. பல்முனை மட்டும் நீலமாகக் கறுத்திருக்கும் கெட்டிப்படுத்திய ரம்பம் மலிவுதான், கூர் நெடுநாள் நிற்கும். மழுங்கினால் அரம் அதில் பிடிக்காது, மாற்ற வேண்டியதுதான். பழகுகிற காலத்துக்கு அதுவே போதும்.

இனி அளவு. மலிவு ரசமட்டத்தையும் மூலைமட்டத்தையும் வாங்கலாம், ஆனால் கடையிலேயே சோதித்துவிட்டு. ரசமட்டத்தை ஒரு மேசையில் வைத்துக் குமிழி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். அதே இடத்தில் இடவலமாகத் திருப்பி வையுங்கள். குமிழி மேசையின் அதே பக்கம், அதே அளவு நகர்ந்து நின்றால் மேசைதான் சாய்வு, மட்டம் சரி. வேறு இடத்துக்குப் போனால் மட்டம் தவறு. மூலைமட்டத்துக்கு: நேரான விளிம்புள்ள பலகையில் ஒரு கோடு கிழித்து, மட்டத்தைப் புரட்டி அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு. மேல்முனையில் தெரியும் இடைவெளி, உண்மையான பிழையைப் போல இரண்டு மடங்கு. பத்து மட்டத்தில் தேடினால் சரியான ஒன்று கிடைக்கும். அது விலையுயர்ந்ததற்குச் சற்றும் குறைந்ததல்ல.

அளவு டேப்பில் அச்சிட்டிருக்கும் ரோம எண்ணைப் பாருங்கள், அது துல்லிய வகுப்பு. இரண்டாம் வகுப்பு டேப் 5 மீட்டரில் 1.3 மி.மீ. வரை முன்பின் போகலாம், முதல் வகுப்பு 0.6 மி.மீ. வீட்டு வேலைக்கு இரண்டாம் வகுப்பு போதும். ஒரு வேலை முழுவதும் ஒரே டேப்பை வைத்து அளப்பது வகுப்பை விட முக்கியம். முனைக் கொக்கி சற்றே ஆடும்; அது பழுதல்ல. கொக்கியின் தடிமன் அளவுக்கு நகரவேண்டும் என்றே அப்படி வைத்திருக்கிறார்கள், உள்ளளவும் வெளியளவும் ஒத்துவர.

நியூட்ரல்

மின் வேலை பற்றி மட்டும்.

மல்டிமீட்டர்: பேட்டரி, வண்டி வயரிங், ரிமோட் போன்ற வேலைக்கு எந்த மலிவு மீட்டரும் சரி. வீட்டு மின்சாரத்தில் கை வைப்பதென்றால் கேட் 3 (மின் பாதுகாப்பு வகை), 600 வோல்ட் என்ற மதிப்பு வேண்டும். சுவிட்ச்போர்டுக்குப் பின்னால் இருக்கும் விநியோகப் பெட்டி கேட் 3 இடம். பிளக்கில் செருகிய கருவிகள் கேட் 2. எண் அச்சிட்டிருந்தால் மட்டும் போதாது. பின்மூடியைத் திறந்து ஃப்யூஸைப் பாருங்கள். சிறிய கண்ணாடி ஃப்யூஸ் மட்டும் இருந்தால் அந்த மீட்டரின் கேட் 3 முத்திரையை நம்பாதீர்கள். மணல் நிரப்பிய பீங்கான் ஃப்யூஸ் வேண்டும். 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்தில் ஃப்யூஸ் இல்லை என்று போட்டிருந்தால் அதைக் கேட் 3 இடத்தில் பயன்படுத்தவே கூடாது. அந்தத் துளையில் புரோப் இருக்க மறந்துபோய் வோல்ட் அளந்தால் நேரடி ஷார்ட், மீட்டர் கையிலேயே வெடிக்கும். புரோப் வயரிலும் அதே கேட் மதிப்பு இருக்க வேண்டும்.

கட்டிங் பிளேயர்: கைப்பிடியில் பிளாஸ்டிக் உறை இருப்பது மின்காப்பு ஆகாது. இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் எழுத்தும், ஐஇசி 60900 என்ற தர எண்ணும் இருக்கும் கருவிதான் அதற்கு. அதை வாங்கினாலும் மெயின் அணைத்து, மீட்டரால் சோதித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

தரம் பார்க்க: வாயை மூடி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வெட்டும் விளிம்பில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் மெல்லிய வயர் இழை வெட்டாமல் மடங்கும். பிறகு கைப்பிடிகளைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மூட்டு ஆடக் கூடாது.

வயர் முனையில் லக் (உலோக இணைப்பு முனை) அழுத்தும் கிரிம்பிங் கருவி ராட்செட் உள்ளதாக இருக்கட்டும். முழு அழுத்தம் வரும்வரை அது வாயைத் திறக்காது. சாதா வகையில் அரைகுறையாக அழுத்திய இணைப்பு தளர்ந்து, சூடேறி, காப்பு உருகும்.

புதுப்பெட்டி

நன்றி. ராட்செட்டும் மூலைமட்டமும் இப்படிச் சோதிக்கலாம் என்று தெரியாது. இரண்டு சந்தேகம் பாக்கி. ஒன்று, டிரில் மெஷின்: பேட்டரி வகையா, வயர் வகையா? சுவரில் திருகு அடிக்கவும், எப்போதாவது இரும்பில் ஓட்டை போடவும்தான். இரண்டு, சின்ன கிரைண்டர் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, எடுக்கலாமா?

சில்பொறி

டிரில் மெஷினை விட பிட்டில் தரம் முக்கியம். நடுத்தர மெஷினும் நல்ல பிட்டும் வேலை செய்யும். விலை உயர்ந்த மெஷினில் மட்டமான பிட் போட்டால் ஓட்டை இருக்காது, புகைதான் வரும். தங்க நிறம் பூசிய பிட் எல்லாம் நல்ல பிட் இல்லை. பூச்சு டைட்டேனியம் நைட்ரைடாகவே இருந்தாலும் உள்ளே இருக்கும் எஃகுதான் கணக்கு. முனையைச் சாணை பிடித்ததும் அங்கே பூச்சு போய்விடும். சாதா இரும்புக்கு எச்எஸ்எஸ், ஸ்டெயின்லெஸுக்கு 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35. முனை 135 பாகை பிளவுமுனையாக இருந்தால் வைத்த இடத்திலிருந்து நழுவாது. 3, 4, 5, 6, 8 மி.மீ. என ஐந்து பிட்டைத் தரமாக வாங்குங்கள், அடிக்கடி பயன்படும் அளவில் இரண்டு இரண்டு. நூறு பிட் பெட்டியில் பத்தைத்தான் தொடுவீர்கள்.

பிட் எரிவதற்குப் பெரும்பாலும் வேகம்தான் காரணம். நிமிடத்துக்கு 25 மீட்டர் வெட்டுவேகம் என்று வைத்தால் சாதா இரும்பில் 6 மி.மீ. பிட்டுக்கு ஏறத்தாழ 1,300 சுற்று, 10 மி.மீ.க்கு 800. ஸ்டெயின்லெஸில் இதில் பாதி, ஆனால் அழுத்தம் விடாமல். மெதுவாகத் தடவிக்கொண்டே இருந்தால் ஸ்டெயின்லெஸ் மேல்பரப்பு கெட்டியாகிவிடும், பிறகு எந்தப் பிட்டும் இறங்காது. 3,000 சுற்றில் முழு விசையில் இரும்பைத் துளைத்தால் எந்தத் தரமும் காப்பாற்றாது.

பேட்டரி மெஷின் வாங்கும்போது உண்மையில் வாங்குவது பேட்டரி வரிசையைத்தான். அதே பேட்டரியில் பிறகு ரம்பம், கிரைண்டர், பம்ப் என்று சேர்க்கலாமா, அதே பேட்டரி ஐந்து வருடம் கழித்தும் கிடைக்குமா என்று பாருங்கள். 18, 20, 21 வோல்ட் என்று போட்டிருந்தாலும் உள்ளே தொடராக ஐந்து செல்தான்: செல்லுக்கு 3.6 வீதம் 18, முழுச் சார்ஜில் 4.2 வீதம் 21. 48, 88 என்று பெரிய எண் ஒட்டியிருப்பதிலும் செல் ஐந்தே இருந்தால் அது 18 வோல்ட் மெஷின். சார்ஜரின் பின்பக்கத்தில் வெளியீடு 21 வோல்ட் என்று இருப்பதைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். மிக மலிவான பேட்டரிகளில் செல்களைத் தனித்தனியாகக் கண்காணிக்கும் சுற்று இருக்காது. ஒரு செல் தளர்ந்ததும் மொத்தமும் போகும். மாதம் ஒருமுறை எடுக்கிறவருக்கு வயர் மெஷினே நல்லது. அலமாரியில் கிடந்தாலும் அது கெடாது.

சுவர் கான்கிரீட் என்றால் சாதா ஹேமர் டிரில் படுத்தும். எஸ்டிஎஸ் பிளஸ் (காடி வெட்டிய பிட் மாட்டும்) வகை ரோட்டரி ஹேமர் அதே ஓட்டையைச் சில நொடியில் போடும். செங்கல் சுவருக்குச் சாதாவே போதும். வருடத்தில் இரண்டு மூன்று நாள்தான் வேலை என்றால் ரோட்டரி ஹேமரை வாடகைக்கு எடுங்கள். அப்படிப்பட்ட கருவிகளில் மலிவா தரமா என்ற கேள்வியே எழாது.

மெஷினைக் கடையில் சோதிக்க: நேரான நீளப் பிட் ஒன்றை மாட்டி மெதுவாகச் சுற்றுங்கள், முனை வட்டமடிக்கிறதா பாருங்கள். பிறகு பிட் மாட்டும் பிடியை (சக்) பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் உள்ளே பேரிங்குக்குப் பதில் வெறும் உலோக வளையம் (புஷ்) இருக்கக்கூடும்.

கிரைண்டர். மலிவு மெஷின் எடுக்கலாம், மூன்று நிபந்தனை. டிஸ்கை மறைக்கும் மூடி உறுதியாக நிற்க வேண்டும், சுவிட்ச் விட்டதும் அணைய வேண்டும், பக்கக் கைப்பிடி இருக்க வேண்டும். மிச்சம் பிடிக்கக் கூடாதது டிஸ்கில். டிஸ்கில் அதிகபட்சச் சுற்று அச்சிட்டிருக்கும். மெஷினின் சுற்று அதற்குக் கீழே இருக்க வேண்டும். மூடியைக் கழற்றிவிட்டு பெரிய டிஸ்க் போடும் வழக்கம்தான் ஆளைக் கொல்வது. கணக்குப் பாருங்கள்: 100 மி.மீ. மெஷின் 11,000 சுற்றில் ஓடுகிறது. அதில் 180 மி.மீ. டிஸ்க் மாட்டினால் விளிம்பு வேகம் நொடிக்கு 103 மீட்டரைத் தாண்டும். டிஸ்க் தாங்குவது 80. வெடிக்கும்போது துண்டு அந்த வேகத்திலேயே முகத்துக்கு வரும், தடுக்க மூடியும் இல்லை.

நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதி மாதமும் வருடமும் பொறித்திருக்கும், பொதுவாகத் தயாரித்து மூன்று வருடம். பிசினால் ஒட்டிய டிஸ்க் ஈரம் ஏறினால் பலம் இழக்கும். தேதியே இல்லாத டிஸ்கையும் கீழே விழுந்த டிஸ்கையும் மாட்டாதீர்கள். 1 மி.மீ. வெட்டு டிஸ்கைப் பக்கவாட்டில் வைத்து இழைக்கக் கூடாது. பாதுகாப்புக் கண்ணாடி, அதற்கு மேல் முகக்கவசம், இரண்டும் மெஷினோடு அன்றைக்கே வாங்க வேண்டியவை.

மரைச்சுற்று

சில்பொறி சொன்ன பிட் கணக்கு ஹாக்சாவுக்கும் பொருந்தும், அதைச் சேர்த்துக்குங்க. பிரேம் பிளேடை விறைப்பா இழுத்துப் பிடிச்சா போதும், அதுக்கு மேல அதில் காசு போட வேண்டாம். பிளேடு மட்டும் பை-மெட்டல் (இரண்டு உலோகம் சேர்த்தது). வெட்டுற கனத்தில் எப்பவும் குறைஞ்சது மூணு பல் இருக்கணும்: அங்குலத்துக்கு 24 பல்லுன்னா 3 மி.மீ. சுமாருக்கு மேல இருக்கிற இரும்புக்கு. மெல்லிய குழாய்க்கு 32. இதைக் கவனிக்காம பல் உதிர்ந்ததும் பிளேடு மட்டம்னு திட்டுறாங்க.

சுத்தியல் பற்றி யாரும் சொல்லலை. அடிக்கிற முகம் வார்ப்பு இரும்பா இருந்தா சில்லு தெறிக்கும். அடித்து உருவாக்கின எஃகுத் தலை வாங்குங்க. தலையும் காம்பும் சேர்ற இடத்தில் ஆப்பு இறுகியிருக்கணும். சுத்தியலால சுத்தியல் தலையை அடிக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம்.

இழைப்புளி

வாங்கும் வரிசையைக் கேட்டால்: இந்த மாதம் ஸ்க்ரூடிரைவர் மூன்று, காம்பினேஷன் ஸ்பேனர், கட்டிங் பிளேயர், அளவு டேப், பாதுகாப்புக் கண்ணாடி. அடுத்து கையில் இருக்கும் வேலை எதைக் கேட்கிறதோ அது. கிளாம்ப், பட்டி பிளேடு, பிரஷ், அரத்தின் கைப்பிடி, கருவிப்பெட்டி எல்லாம் கிடைக்கிற மலிவில் எடுங்கள். கிளாம்ப் மட்டும் எண்ணிக்கை நிறைய வேண்டும். நான்கு நல்லதை விட எட்டு சுமாரானது பசை போட்ட பலகைக்கு உதவும். வாங்கும்போது திருகுமரையை முழு நீளத்துக்கும் ஓட்டிப் பாருங்கள், நடுவில் சிக்கினால் வைத்துவிடுங்கள்.